உலையும் மெட்டும்

கப்பலூர்த் தொழிற்பேட்டையின் பின்பக்கம் இருக்கும் காலனிக்கு ஒரு டிசம்பர் இரவில் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும் நேரம். திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பையன்கள் கம்பெனி வாசலில் கிடந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டுத் தீ மூட்டி, அதில் பறைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். பனிக்குத் தோல் தளர்ந்து போயிருந்தது. நெருப்புக்கு நேரே வட்டத்தைப் பிடித்துத் திருப்புவார்கள், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், காதருகே கொண்டுபோவார்கள், மறுபடி தீயில் காட்டுவார்கள். ‘டொக்’ என்றிருந்த சத்தம் ‘டங்’ என்று மாற கால் மணி நேரம் ஆனது. பிறகு இடது கையில் நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. தெருத் தெருவாக விடியற்காலை நாலு மணி வரை அந்த அடிக்குத்தான் எல்லாரும் ஆடினார்கள்.

ஆராதனை தொடங்கியதும் பறை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே கீபோர்டு, ஒரு தபேலா, கையில் கீர்த்தனைப் புத்தகம். சபையின் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “உள்ள கீர்த்தனை, பாமாலைதான் தம்பி. அது வெளிய அடிக்கிறது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை எங்கே விடுவது என்று கேட்டால் சொல்வதுபோல, இயல்பாகச் சொன்னார். அந்தச் சபையில் பெரும்பாலோர் யாருடைய பேரப்பிள்ளைகள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பறை அவர்களுடைய தாத்தாக்களின் கையில் இருந்ததுதான்.

ஒரு மெட்டு உள்ளே போகலாம், இன்னொன்று வெளியே நிற்கவேண்டும் என்பதை யார், எப்போது முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்வியைத் தன் ஆய்வு வாழ்க்கை முழுவதும் துரத்திய ஒருவர் இருக்கிறார். ஜோயி ஷெரினியன். அமெரிக்காவில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இசையியல் பேராசிரியர். கப்பலூரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள அரசரடியில் உட்கார்ந்துதான் அவர் அந்த வேலையைச் செய்தார். அவருக்கு முன்னால் இந்தத் திருமங்கலம்–மதுரைச் சாலையில் நடந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்க மதுரை மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தது. 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கினார்கள். மூன்று ஆண்டில், 1845இல், அதைப் பசுமலைக்கு மாற்றினார்கள். திருமங்கலத்திலிருந்து பசுமலைக்குப் போகிறவர் இன்றைக்கும் கப்பலூரைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் பள்ளியின் புத்தகங்களும் பெஞ்சுகளும் மாட்டுவண்டியில் இந்த வழியாகத்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. பின்னாளில் அமெரிக்கன் கல்லூரி முளைத்ததும் அந்தப் பசுமலை வித்திலிருந்துதான்.

மிஷனரிகள் கையோடு கொண்டுவந்த பாட்டு அவர்கள் ஊர் ஹிம்ன். அதைத் தமிழில் மொழிபெயர்த்தால் பாமாலை. லுத்தரன் சபைகளில் அதற்கு ஞானப்பாட்டு என்று பெயர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர்கள் காலத்திலிருந்தே அது இருக்கிறது. இதில் ஒரு தொல்லை உண்டு, பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐரோப்பிய மெட்டு அழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழ் குறில் நெடிலை நம்பி நடப்பது. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து மாட்டிக்கொண்டால் ‘மன’ என்பது ‘மனா’ ஆகும், ‘கல்’ என்பது ‘கால்’ ஆகும். பாடுகிறவர் பக்தியோடுதான் பாடுவார். கேட்கிறவருக்குப் பொருள் விளங்கச் சற்று நேரம் ஆகும்.

இதைப் புரிந்துகொண்டவர் எட்வர்டு வெப். மதுரை மிஷனைச் சேர்ந்தவர், தமிழ் யாப்பில் ஈடுபாடுள்ளவர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரிடமிருந்து பாட்டுகளைத் திரட்டி 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். இன்று தமிழ்ச் சபைகளில் புழங்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் வேர் அங்கே இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே ராகமும் தாளமும். வெள்ளைக்காரர் மெட்டை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டு மெட்டை எடுத்தார்கள் என்று இதைப் பாராட்டுவது வழக்கம். நானும் பாராட்டியிருக்கிறேன். ஆனால் தமிழ்நாட்டில் யாருடைய மெட்டு?

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சாதாரண ஆள் அல்ல. திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்து, சரபோஜி மன்னரோடு பழகியவர். குறவஞ்சி என்ற அரசவைச் சிற்றிலக்கியத்தைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்து பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். புதிதாக வந்த மிஷனரிகளோடு 1820களில் அவருக்குப் பெரிய மோதல் ஏற்பட்டது. அவருடைய புகார்கள் நான்கு: பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதி வேற்றுமையை விடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், கல்யாணத்திலும் திருநாளிலும் பூ கூடாது என்கிறார்கள், ஆராதனையில் தமிழ்ப் பாட்டு வேண்டாம் என்கிறார்கள். 1829இல் அவர் எழுதிய ஒரு நூலின் பெயரே ‘ஜாதி திருத்தலின் பயித்தியம்’. பூவும் பாட்டும் சாதியும் அவருக்கு ஒரே முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் மற்றவையும் அவிழும் என்று அவர் நினைத்தார். அந்தக் கணிப்பு முழுக்கத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது மதுரை மிஷனின் இன்னொரு தீர்மானத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1847இல் அவர்கள் சாதியைச் சபைக்குள் அனுமதிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அதைச் சோதிக்க அவர்கள் கண்ட வழி சோறு. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே சமையலைச் சாப்பிடவேண்டும். மாட்டேன் என்ற உபதேசிமார் பலர் வேலையை விட்டுப் போனார்கள். சோற்றில் இவ்வளவு கண்டிப்பாக இருந்த மிஷன், ஆறு ஆண்டு கழித்து, சேர்ந்து உண்பதை எதிர்த்த ஒருவரின் பாட்டுகளைச் சேகரித்து எல்லாச் சபைகளுக்கும் அனுப்பியது. இலையில் சாதி உட்கார்ந்திருப்பது தெரிந்தது, ராகத்தில் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. மிஷனரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்கும் நூற்றைம்பது ஆண்டு தெரியவில்லை. மெட்டு என்பது காற்று, அதற்கு ஏது குலம் கோத்திரம் என்றுதான் இருந்தோம்.

அடுத்த நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. ஈரோட்டில் பணியாற்றிய போப்லி பாதிரியார் கதாகாலட்சேபம் செய்தார். 1921இல் இந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார், 1931இல் திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலைக் கொண்டுவந்து, கர்நாடக இசையின் வேர் பழந்தமிழிசை என்று நிறுவப் பாடுபட்டார். இருவரும் மேதைகள். இருவருடைய பார்வையும் ராகத்தின் பக்கமே இருந்தது. சாவு வீட்டில் அடிக்கப்பட்ட பறையும் நாற்று நடும்போது பாடிய பாட்டும் அந்த ஏட்டில் ஏறவில்லை.

இனிக் கொஞ்சம் கடல் கடக்க வேண்டும். 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேண்டில் ஹூட் என்ற பேராசிரியர் ஒரு கருத்தை முன்வைத்தார். வேற்று நாட்டு இசையை ஆராய்கிறவர் அதை வாசிக்கவும் கற்கவேண்டும், இரண்டு மொழி பேசுவதுபோல இரண்டு இசை பேசவேண்டும் என்றார். அந்த வகுப்பறையிலிருந்து கிளம்பியவர்களில் இருவரை இங்கே நினைக்கலாம். ஒருவர் பிலிப்பைன்ஸின் ஹோசே மசேடா (1917–2004). பாரிஸில் பியானோ பயின்ற கச்சேரிக் கலைஞர். பின்னர் மகிந்தனாவ் மக்களின் இசையை ஆராய்ந்து 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். ஸ்பானியர் தொடாத மலைகளிலும் தீவுகளிலும் மிஞ்சியிருந்த வெண்கலத் தட்டுகளின், மூங்கில் கருவிகளின் இசையை ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். இன்னொருவர் ராபர்ட் பிரவுன். 1965இல் மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்டம் பெற்றார். பிரவுன் போய்ச் சேர்ந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில்தான் வீணை தனம்மாளின் பேரர்களான தி. விஸ்வநாதனும் தி. ரங்கநாதனும் பாடம் சொன்னார்கள். அங்கிருந்துதான் ஜான் ஹிக்கின்ஸ் வந்து, சென்னை சபாக்களில் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ ஆனார்.

அதாவது, அமெரிக்காவில் தமிழிசை படிக்க வருகிறவருக்கு ஒரு பாதை தயாராக இருந்தது: வெஸ்லியன், மயிலாப்பூர், சபா, டிசம்பர் சீசன். ஷெரினியனும் மிருதங்கம் வாசிப்பவர், முனைவர் பட்டமும் (1998) வெஸ்லியனில்தான். ஆனால் 1990களின் முற்பகுதியில் களப்பணிக்கு அவர் தேர்ந்தது மயிலாப்பூரை அல்ல, அரசரடியை. அங்கே தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969இல் தொடங்கியது. அதில் அப்போது ஆசிரியராக இருந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). தலைமுடியைப் பார்த்து வைத்த பெயரா, தானே வைத்துக்கொண்ட பெயரா என்று கேட்டால் இரண்டும் என்பார்கள்: பரட்டை. மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன்.

அப்பாவுவுக்குக் கர்நாடக இசையும் தெரியும், மேற்கத்திய இசையும் தெரியும். தெரியாதவர் ஒன்றை விடுவதற்கும் தெரிந்தவர் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. அவர் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு மெட்டுகளில் ஓர் ஆராதனை முறையையே அமைத்தார். பாவ அறிக்கையிலிருந்து ஆசீர்வாதம் வரை எல்லாம் கிராமிய இசையில், பேச்சுத் தமிழில். கடவுளைத் தந்தை என்று மட்டும் கூப்பிடாமல் தாயும் தகப்பனுமாகச் சேர்த்துப் பெற்றோர் என்று விளித்தார். திருவிருந்துக்கு அவர் சொன்ன விளக்கம் ‘ஒரு உலை’. ஒரே உலையில் பொங்கிய சோற்றை உண்கிறவர்கள் ஒரே குடும்பம். அதற்கு மேல் இறையியல் எதற்கு என்பதுபோல இருக்கும் அந்த விளக்கம். பாட்டுகளை ஒலிநாடாவில் பதிவு செய்து ஊர் ஊராக அனுப்பினார். நோட்டுப் போட்டு அச்சடித்துக் கொடுத்தால் அதில் எழுதியபடியே பாடவேண்டும், நாடாவில் கேட்டால் காதில் விழுந்தபடி பாடலாம், ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம்.

ஷெரினியனின் வாதத்தின் உயிர்நிலை இந்த ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்ற சொல்லில் இருக்கிறது. 2014இல் இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த அவருடைய நூலின் பெயரைத் தமிழில் ‘தலித் விடுதலை இறையியலாகத் தமிழ் நாட்டுப்புற இசை’ என்று சொல்லலாம். தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டின் நீண்ட வரலாற்றையும் அப்பாவுவின் வாழ்க்கையையும் அது சேர்த்துச் சொல்கிறது. பாட்டின் சொற்கள் மட்டும் கருத்தைச் சுமப்பதில்லை, இசைப் பாணியே கருத்தைச் சுமக்கிறது என்பது அதன் அடிப்படை. கீர்த்தனையில் ‘எல்லாரும் சமம்’ என்று எழுதினாலும், அதைப் பாட ராக ஞானம் வேண்டும், அது உள்ளவர் முன்னால் நிற்பார், இல்லாதவர் பின்னால் முணுமுணுப்பார். சொல் சமத்துவம் பேசும், மெட்டு வரிசையில் நிற்க வைக்கும். பாமாலையில் நான்கு குரல் வேண்டும், அதற்குப் பாடகர் குழு வேண்டும், அதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். நாட்டுப்புறப் பாட்டில் ஒருவர் முன்பாட்டு எடுத்தால் மற்றவர் பின்பாட்டுச் சொல்லலாம். நாலைந்து சுரத்துக்குள் மெட்டு அடங்கும். வரி மறந்தால் சொந்தமாக ஒரு வரி போடலாம், யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆக, பாடுகிறவரே பாட்டை மறுபடி உண்டாக்குகிறார்.

எனக்கு இந்த நூலில் பிடித்தது முடிவுகளைவிடக் காதுதான். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அது எங்கே ஒப்பாரியின் இறக்கத்தைத் தொடுகிறது, எங்கே கும்மியின் குதிப்புக்கு மாறுகிறது, அந்த மாற்றம் சொல்லுக்கு என்ன செய்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். தமிழில் பாட்டைப் பற்றி எழுதும் நாம் சொல்லைப் பற்றியே எழுதிப் பழகியவர்கள். நாட்டுப்புறப் பாடல் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பாடல் வரிகள் இருக்கும், வகைப்பாடு இருக்கும், மெட்டு இருக்காது. பாட்டைக் கவிதையாக்கித் தாளில் கிடத்திவிட்டோம். விதிவிலக்குகள் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் சேகரித்ததைப் பாடியும் காட்டினார். இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் (1955–2016) பேராசிரியராகவும் மேடைப் பாடகராகவும் இருந்தார். ‘வடு’ என்ற தன்வரலாற்றையும் எழுதினார். அவருடைய குரலைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் இருவரும் பாட்டுக்குள்ளிருந்து பேசியவர்கள்.

ஷெரினியன் அரசரடியோடு நிற்கவில்லை. பறைக்குப் போனார். முனைவென்றி ஊரின் குறிஞ்சி மலர் குழுவைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 2011இல் வந்தது. ‘இதுவும் ஓர் இசைதான்’ என்பது அதன் தலைப்பின் உட்பொருள். தலைப்பே ஒரு பதில். பறை அடிப்பது தொழில், கடமை, தலையெழுத்து, எதுவாகவும் இருக்கலாம், இசையாக மட்டும் இருக்கக்கூடாது என்பதுதானே ஊர் வழக்கம்? சாவுக்கு அடித்துவிட்டுத் திண்ணைக்கு எட்டி நின்று கூலி வாங்கிய கை அது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்களில் அதே கை மேடையேறியபோது என்ன ஆனது என்பதை அந்தப் படம் பின்தொடர்கிறது. அடுத்து திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தைப் பற்றி இன்னொரு படம். அங்கே பறை கற்பவர்கள் பெண்கள். ஆண்களே தொடுவதற்கு வெட்கப்பட்ட கருவியைப் பெண் பிள்ளைகள் தோளில் மாட்டி, காலடி வைத்து ஆடி அடிக்கிறார்கள்.

வெட்கம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பறையை விடுதலையின் சின்னம் என்று சொல்வது இப்போது எளிது. நகரத்தில் பறைப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன, கல்லூரி விழாக்களில் அடிக்கிறார்கள். ஆனால் பறையைக் கீழே போட்டதைத்தான் விடுதலையாக உணர்ந்த குடும்பங்கள் ஏராளம். ‘இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று பறையைத் தூக்கிப் போட்டதற்காக அடி வாங்கிய ஊர்கள் உண்டு. அந்தக் குடும்பத்துப் பிள்ளை படித்து, சபைக்கு வந்து, கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் பிடித்தபோது அவனுக்குக் கிடைத்த மரியாதை பொய்யானதல்ல. அவனிடம் போய் ‘உன் இசை பறைதான், அதையே எடு’ என்று சொன்னால் அவன் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பான். கப்பலூர்ப் பெரியவர் பறையை வாசலில் நிறுத்தியதில் இந்த வரலாறும் இருக்கிறது. அவரைச் சாதியவாதி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. அப்பாவுவுக்கும் இந்த எதிர்ப்பு இருந்தது. ஷெரினியனும் அதை மறைக்கவில்லை.

இங்கே பிலிப்பைன்ஸைத் திரும்பப் பார்ப்பது உதவும். 1565இலிருந்து 1898 வரை, 333 ஆண்டுகள், ஸ்பானியர் ஆட்சி. கிறிஸ்தவமும் அதன் இசையும் சேர்ந்தே இறங்கின. மணிலாவுக்குப் பக்கத்தில் லாஸ் பின்யாஸ் தேவாலயத்தில் மூங்கில் குழாய்களால் ஆன ஆர்கன் ஒன்று இருக்கிறது. தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1824இல் கட்டி முடித்தது. ஐரோப்பியக் கருவியும் ஊர் மூங்கிலும் சேர்ந்த கலப்பு. இப்படிப்பட்ட கலப்பை எப்படிப் படிப்பது? டேவிட் இர்விங் 2010இல் வெளியிட்ட மணிலா பற்றிய நூலில், ஐரோப்பிய இசையின் பல்குரல் இயைபையே, ஒவ்வொரு குரலையும் விதிக்குள் அடக்கும் அந்த முறையையே, காலனி ஆட்சிக்கு உருவகமாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் உள்ளூர்க்காரர்கள் அந்த விதிகளைக் கற்று, அதற்குள்ளிருந்தே தங்கள் குரலை எழுப்பினார்கள் என்றும் காட்டுகிறார்.

அதைவிட நமக்கு நெருக்கமானது பாசியோன். இயேசுவின் பாடுகளைத் தகலாக் மொழியில் சொல்லும் நெடும்பாட்டு. ஐந்தடிச் செய்யுள், அடிக்கு எட்டு அசை. ஸ்பானிய யாப்புதான். ஆனால் தபசு காலத்தில் வீடு வீடாக, இரவு பகலாக, முறை வைத்து மாறி மாறிப் பாடுகிறவர்கள் ஊர்க்காரர்கள், மெட்டும் ஊருக்கு ஊர் வேறு. வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலெட்டோ 1979இல் எழுதிய நூலில் சொன்னது இது: அடங்கிக் கிடக்கச் சொல்லித்தர வந்த இந்தப் பாட்டிலிருந்துதான் விவசாயிகள் கிளர்ச்சிக்கான மொழியை எடுத்துக்கொண்டார்கள். பாடுபட்டவன், காட்டிக்கொடுத்தவன், உயிர்த்தெழுதல் எல்லாம் அவர்களுடைய அரசியல் சொற்களாகின. அந்நிய யாப்பு, ஆனாலும் வாய் அவர்களுடையது.

ஷெரினியனின் வாதத்தோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். பாணி கருத்தைச் சுமக்கிறது என்பது சரி. ஆனால் ஒரு பாணி காலத்துக்கும் அதே கருத்தைத்தான் சுமக்கும் என்றில்லை. அதே கப்பலூர்க் காலனியில் ஒரு பாட்டி இருக்கிறார், மில் தொழிலாளியின் மனைவி, எண்பதைத் தாண்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளையைத் தூங்க வைக்கக் கீர்த்தனை பாடுவார். அனுபல்லவி அவருக்கு மறந்தே போய்விட்டது. பல்லவியை எடுத்துக்கொண்டு சரணத்துக்குத் தாவுவார், சரணத்தில் இருக்கும் வடசொற்களைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டுச் சொற்களைப் போடுவார், ராகத்தின் வளைவுகளை நேராக்கிக்கொள்வார். கடைசியில் ஒரு ‘ராராரோ’. சாஸ்திரியார் கேட்டிருந்தால் மனம் நொந்திருப்பார், அப்பாவு கேட்டிருந்தால் நாடாவில் பிடித்திருப்பார். கீர்த்தனை கீர்த்தனையாகவே இருந்தால்தான் மேல்சாதிப் பாணி. இந்தப் பாட்டியின் வாயில் அது என்ன? ஷெரினியன் நூலின் வகைப்பாட்டில் இதற்குப் பெட்டி இல்லை. சினிமாவையும் இதில் சேர்க்கவேண்டும். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு கிராமிய மெட்டு என்பது பண்ணைப்புரத்து இளையராஜா வழியாகத்தான் எல்லார் காதிலும் விழுந்தது. அப்பாவுவின் மாணவர்கள் மட்டும் அதற்கு விலக்காக இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. நூல் அப்பாவுவின் தோளுக்குப் பின்னால் நின்று உலகைப் பார்க்கிறது. ஒரு குருவிடம் பல ஆண்டு பழகிய மாணவி எழுதும் நூலுக்கு அது பலம், அதுவே எல்லையும்கூட. அவருடைய பாட்டைப் பாட மறுத்த சபைகளில் போய் உட்கார்ந்து ஒரு நூல் எழுதினால் வேறொரு படம் கிடைக்கும். அதை ஒக்லஹோமாவிலிருந்து வந்துதான் எழுதவேண்டும் என்பதில்லை. இங்கே பக்கத்தில் நாகமலையிலிருந்தும் எழுதலாம்.

அந்த டிசம்பர் காலையில் ஆராதனை முடிந்ததும் சாப்பாடு. முந்தின நாள் ஆளுக்குக் கொஞ்சமாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரிசி வாங்கியிருந்தார்கள். சீரகச்சம்பா கொடுத்த வீடும் உண்டு, ரேஷன் அரிசி கொடுத்த வீடும் உண்டு. எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்ததில் பிரியாணி பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருந்தது. பந்தி பார்க்கவில்லை, பக்கம் பார்க்கவில்லை. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் நாலு பேர் என் வரிசையில் இருந்தார்கள். பெரியவரே வாளியோடு வந்து பறைக்காரப் பையன்களுக்கு இரண்டாம் முறை வைத்தார். “நல்லா சாப்பிடுங்கப்பா, ராத்திரி பூரா அடிச்சிருக்கீங்க,” என்றார். 1847இல் உத்தரவு போட்டும் நடக்காதது இங்கே யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவ வெளியே வந்தேன். பறை வாசல் தூணில் சாய்ந்து கிடந்தது. ஐந்தாறு வயதுச் சிறுமி ஒருத்தி அதைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். ‘டொக், டொக்’ என்றது. பனியில் மறுபடி தளர்ந்துவிட்டிருந்தது. பையன்களில் ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, “இருடா கண்ணு, இப்ப சத்தம் வராது. சூடு காட்டணும்,” என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி ஏதாவது கிடக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.